வாசன வருதாக்கா?

பேய்க் கதை சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல் வரும். ஷிப்ட் பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார்ந்து ரெண்டு பேர் ஆரம்பிப்பார்கள், "எங்க சித்தப்பாவோட பிரெண்டு பாத்தாரு" என்று. சித்தப்பாவும் பார்த்திருக்க மாட்டார், பிரெண்டும் பார்த்திருக்க மாட்டார். நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிவிடுவேன். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது யாரோ பார்த்து யாரோ சொன்ன கதை கிடையாது. எனக்கே நடந்தது. போன வருஷ மழைக்காலத்தில், புதுவாயலில், நாங்கள் குடியிருந்த மூன்றாவது மாடி வீட்டில். என் மகள் இன்றைக்கு உயிரோடு பள்ளிக்கூடம் போகிறாள் என்றால் அதற்கு யாருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியும். சொல்லத்தான் ஆள் இல்லை.

என் பெயர் ஆரோக்கியமேரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வயர் செக்கிங் வேலை. என் கணவர் தானியேல் பக்கத்திலேயே ஒரு இரும்புக் கம்பெனியில் இருக்கிறார். ஒரே மகள் ஜெபா, யு.கே.ஜி. படிக்கிறாள்.

எங்களைப் போன்றவர்கள் வீடு தேடிப் போனால் சுற்றி வளைத்து நாலு கேள்வி வரும். எந்த ஊர், ஊரில் எந்தப் பக்கம், ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பீர்கள். கேட்டுவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்பார்கள். அப்புறம் ஒரு தகவலும் வராது. இந்த வீட்டு ஓனர் மட்டும் அப்படி எதுவும் கேட்கவில்லை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கருவாடு ஆக்குவீங்களா?"

"இல்லீங்க" என்றேன். வீடு கிடைத்தால் போதும் என்று இருந்தது.

நல்ல வீடு. புது பெயிண்ட், புதுக் கதவு, புது டைல்ஸ். அந்தக் கட்டடத்தில் மற்ற வீடுகளெல்லாம் பழசாகக் கறுத்துக் கிடக்க, எங்கள் வீடு மட்டும் பளிச்சென்று இருந்தது. நமக்குத்தான் யோகம் என்று நினைத்துக்கொண்டேன். எதிரில் ஒரு வீடு, அதன் கதவு எப்போதும் சாத்தியே இருக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது பைப் கேஸ். மூன்று மாடி சிலிண்டர் தூக்குகிற வேலையே இல்லை. கட்டடத்துக்குப் பின்னால் கம்பி வேலி போட்ட கொட்டகையில் பெரிய பெரிய சிலிண்டர்கள் வரிசையாக நிற்கும். அங்கிருந்து மஞ்சள் குழாய் ஏறி ஒவ்வொரு வீட்டுச் சமையலறைக்கும் வரும். மீட்டர் பெட்டியில் 'புரோபேன்' என்று எழுதி, அவசர நம்பர் ஒட்டியிருந்தார்கள். தானியேல் எங்களுடைய பழைய ஸ்டவ்வை, பழைய ரப்பர் டியூபோடு, அந்தக் குழாயில் மாட்டினார். கேஸ்காரர் புது டியூப் வாங்கச் சொல்லியிருந்தார். "இதுவே நல்லாத்தான் கீது" என்றார் தானியேல். அவருக்குப் பழைய பொருள் எல்லாமே நல்லாத்தான் இருக்கும்.

குடிபோன நாலைந்து நாளில் ஆரம்பித்தது.

காலையில் எழுந்து போனால் சமையலறைத் தரை ஈரமாக இருந்தது. கும்மென்று ஃபினாயில் வாசனை. நான் துடைக்கவில்லை. தானியேல் துடைத்திருப்பாரோ என்று நினைக்கக்கூட எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் துடைத்தது அவருடைய பைக்கை மட்டும்தான். குழாய் ஒழுகியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஒழுகுகிற குழாயில் ஃபினாயில் எப்படி வரும் என்று யோசிக்க அந்த நேரத்தில் யாருக்கு முடியும்? ஷிப்ட் பஸ் காத்திருக்காது.

அடுத்தது நைட்டி. ஒரு நாள் காலை சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினால் நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவுக்கும் தரைக்கும் நடுவே இருக்கிற சந்தில் என் பழைய நைட்டியை இறுக்கமாக உருட்டித் திணித்திருந்தது. உள்பக்கமிருந்து. உள்ளே யாரும் இல்லை.

"எலி இழுத்துக்கினு போயிருக்கும்" என்றார் தானியேல்.

"எலி உருட்டி மடிச்சி வெக்குமா?"

"நம்ம ஊட்டு எலி. ஒன்ன மாதிரியே சுத்தம்."

அவருக்கு எல்லாமே விளையாட்டு. நானும் சிரித்துவிட்டேன். ஆனால் அடுத்த வாரமும் அப்படியே இருந்தது. அதற்கடுத்த வாரமும். சமையலறை ஜன்னல் வேறு திறக்கவே மாட்டேன் என்றது. தானியேல் சுத்தியல் வைத்துத் தட்டிப் பார்த்தார். தாழ்ப்பாள் அசையவில்லை. உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம். தூறல். ரசம் தாளித்துக்கொண்டிருந்தேன்.

டொக்... டொக்... டொக்...

கதவைத் திறந்தேன். ஒரு பெண். இருபத்தைந்து வயசு இருக்கும். வெளுத்துப்போன ஊதா நைலக்ஸ் புடவை, ஈரத் தலை. வாசலிலிருந்து ரெண்டடி தள்ளி நின்றாள். நிறைய நேரம் துணி துவைத்தவள் மாதிரி கை விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது.

"அக்கா, கோச்சிக்காத. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். வாசன வருதாக்கா?"

"இன்னா வாசன?"

"இந்த ஊட்ல இருந்து."

நான் மூக்கை இழுத்துப் பார்த்தேன். ரசம்தான் மணத்தது. "ஒண்ணும் வரலியேமா" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாத்தான்."

அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் இப்போதும் மறக்க முடியவில்லை. பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி சிரித்தாள். எனக்குப் பாவமாகிவிட்டது. "பெல் கீதுல்ல, அதை அடிக்கக் கூடாதா? மழையில நின்னு தட்டிக்கினு இருக்கியே" என்றேன்.

அவள் பெல் ஸ்விட்சைப் பார்த்தாள். சட்டென்று வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"வேணாங்க்கா" என்றாள்.

எதிர் வீட்டுப் பக்கம் திரும்பினாள். எதிர் வீட்டுக்காரி போலிருக்கிறது என்று கதவைச் சாத்தினேன். எதிர்க் கதவு திறந்த சத்தம் கேட்கவில்லை என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

மறுநாள் கீழ்வீட்டு மணியம்மாளிடம் கேட்டேன். அந்தக் கட்டடத்துக்கே மூத்த குடித்தனம் அவர்தான். மோட்டார் போடுவது, பால்காரனைத் திட்டுவது, யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று கணக்கு வைப்பது எல்லாம் அவர் வேலை. வாயைத் திறந்தால் மூட மாட்டார். "எதிர் ஊட்டுப் பொண்ணு பேரு இன்னாக்கா?" என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். "மோட்டார் போட்டு உட்டுட்டேன், தண்ணி வழிஞ்சிடப் போவுது" என்று உள்ளே போய்விட்டார். மோட்டார் ஓடவே இல்லை.

இரண்டாவது முறை அவள் வந்தபோது நான் கோபத்தில் இருந்தேன். கம்பெனியில் சூப்பர்வைசரோடு சண்டை போட்டுவிட்டு வந்திருந்தேன். அதே டொக்... டொக்... அதே ரெண்டடி தூரம். அதே கேள்வி.

"இன்னாமா இது பேஜாரா போச்சி? வாசன வந்தா நானே சொல்ல மாட்டனா?" என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. "கோச்சிக்காதக்கா. நான் கழுவிக்கினேதான் கீறேன்" என்றாள். "எவ்ளோ கழுவினாலும் வருதுன்றாங்கக்கா."

எனக்கு மனசு கேட்கவில்லை. உள்ளே வா, காபி குடி என்று சொல்ல வாயெடுத்தேன். வராந்தாவில் யாரும் இல்லை. அவள் நின்ற இடத்தில் தரை மட்டும் ஈரமாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி ஜெபாவைக் கட்டிக்கொண்டு ஜெபம் சொல்லிவிட்டுத்தான் படுத்தேன். தானியேலிடம் சொன்னேன். "ஒனுக்கு லீவு வேணும், அதான்" என்றார்.

லீவு வேறு விதமாகக் கிடைத்தது.

நவம்பர் கடைசி. மூன்று நாளாக விடாத மழை. ஜெபாவுக்குச் சளி, காய்ச்சல். அவளிடமிருந்து எனக்கு. இரண்டு மூக்கும் அடைத்துக்கொண்டு, காபி குடித்தால் வெந்நீர் குடிக்கிற மாதிரி இருந்தது. தானியேலுக்கு செகண்ட் ஷிப்ட். மத்தியானமே கிளம்பிப் போய்விட்டார்.

நாலு மணிக்கு நொச்சி இலை போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்தேன். ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள் ஆவி பிடித்தோம். ஸ்டவ்வை அணைத்தேன், அது நன்றாக நினைவிருக்கிறது. சுவரில் இருக்கிற வால்வை மூடவில்லை. சாரல் அடிக்கிறதென்று எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. ஜெபாவுக்கு மருந்து கொடுத்து ஹாலில் பாய் போட்டுப் படுக்க வைத்தேன். பக்கத்துக் கட்டிலில் நானும் சாய்ந்தேன்.

கண் விழித்தபோது இருட்டு. கரண்ட் இல்லை.

செல்போனைப் பார்த்தேன். 6.42. சார்ஜ் நாலு சதவீதம். டார்ச் போட்டால் தானியேலுக்குப் போன் பண்ண மிச்சம் இருக்காது. மெழுகுவத்தி ஏற்றலாம் என்று எழுந்தேன்.

சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. நான் சாத்தவில்லை.

தள்ளினேன். நகரவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கீழே துணி இழுபடுகிற சத்தம்... ஸ்ர்ர்ர்...

குனிந்து தொட்டுப் பார்த்தேன். என் நைட்டி. அதை முந்தாநாள் குப்பை வண்டியில் என் கையாலேயே போட்டிருந்தேன்.

உள்ளே மெல்லிசாக ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ்ஸ்... மழை என்று நினைத்தேன். கால் பாதத்தில் மட்டும் சில்லென்று ஏதோ பட்டது. தலை சுற்றியது. காய்ச்சல் ஏறுகிறது என்று நினைத்தேன். பயம் வேறு. உள்ளே போய்ச் சமையல் மேடையைத் தடவி மெழுகுவத்தியையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு ஓடி வந்தேன்.

குச்சியை எடுத்தேன். பெட்டியின் பக்கத்தில் வைத்தேன்.

டொக்... டொக்... டொக்...

கை நின்றது.

டொக் டொக் டொக் டொக்...

இவ்வளவு வேகமாக அவள் தட்டியதே இல்லை. தீப்பெட்டியும் கையுமாகப் போய்க் கதவைத் திறந்தேன்.

அவள்தான். ரோட்டில் போகிற லாரி வெளிச்சம் வராந்தாவில் வந்து வந்து போனது. வெளிச்சம் வரும்போதெல்லாம் முன்பு பார்த்ததைவிட ஒரு அடி பக்கத்தில் நின்றாள்.

"அக்கா... வாசன வருதா?"

"இல்லமா. போமா" என்றேன்.

"நல்லா பாத்து சொல்லுக்கா."

"மூக்கு அடைச்சிக்கினு கீது. எனுக்கு எந்த வாசனையும் தெரியல."

அவள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தாள்.

"எனுக்கும் தெரியாதுக்கா" என்றாள்.

அவள் கண் ஹால் பக்கம் போனது.

"கொயந்தைய தூக்கு."

"இன்னாது?"

"கொயந்த கீழ படுத்துக்கினு கீது. தூக்குக்கா!"

வாசலிலிருந்து பார்த்தால் ஜெபா தெரிய மாட்டாள். கட்டில் மறைக்கும்.

ஓடினேன். "ஜெபா... ஜெபா..." எழுந்திருக்கவில்லை. கன்னத்தில் தட்டினேன். கண் திறக்கவில்லை. அள்ளித் தோளில் போட்டேன். தலை தொங்கியது.

"அத்தப் போட்டுடு."

காதுக்குப் பக்கத்தில் கேட்டது. தீப்பெட்டி இன்னும் என் கையில் இருந்தது. போட்டுவிட்டேன்.

ஃபினாயில் வாசனை... அடைத்த மூக்கில் அது மட்டும் எப்படி வந்தது?

அவள் என்னைத் தாண்டிச் சமையலறைக்குள் போனாள்.

கால் சத்தம் இல்லை.

உள்ளே இருட்டில்... தாழ்ப்பாள்...

க்ர்ர்ர்... டக்.

ஜன்னல் திறந்தது.

குளிர்காற்று என் முதுகில் அடித்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மழை இல்லை அந்த ஸ்ஸ்ஸ்.

கேஸ்.

மூன்று மாடியும் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. "கேஸ்! கேஸ்! வெளக்கு ஏத்தாதீங்க! வெளிய வாங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். கீழே மணியம்மாள் கையில் மெழுகுவத்தியோடு கதவைத் திறந்தார். மூக்கைச் சுளித்தார்.

"இன்னா மேரி, மேல கருவாடு வறுத்தியா?"

"அணைங்கக்கா அத்த! கேஸ்!"

அவர் முகம் மாறியதை அந்த மெழுகுவத்தி வெளிச்சத்தில் பார்த்தேன். ஃபூ என்று ஊதி அணைத்தார். அந்த உடம்பை வைத்துக்கொண்டு மழையில் ஓடிப்போய்ப் பின்னாலிருந்த கொட்டகையில் பெரிய வால்வை மூடினார். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் அடித்து எல்லாரையும் தெருவுக்கு விரட்டினார். தெரு முனைக்குப் போய் நின்ற பிறகுதான் அவசர நம்பருக்குப் போன் பண்ணினார். நம்பரை எதிலும் பார்க்கவில்லை, மனப்பாடமாக அழுத்தினார்.

நான் ஒரு கடையின் ஷட்டர் ஓரம் ஜெபாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மழைத் தண்ணீரை முகத்தில் தெளித்தேன். ஏசுவே, என் உயிரை எடுத்துக்கொள், இவளை விட்டுவிடு என்று சத்தமாகவே கேட்டேன். யார் கேட்டால் எனக்கென்ன?

"அம்மா... குளுருது" என்றாள் ஜெபா.

அந்த ரெண்டு வார்த்தைக்கு நான் அழுத அழுகை என் கல்யாணத்துக்குக்கூட அழுததில்லை.

கேஸ் கம்பெனியிலிருந்து பாஸ்கர் என்பவர் வந்தார். கையில் ஒரு சின்ன மெஷின். படியேறும்போதே அது பீப் பீப் என்று கத்த ஆரம்பித்தது. வெகு நேரம் கழித்துக் கீழே வந்து எங்களுடைய பழைய டியூபைக் காட்டினார். ஒரு விரல் நீளத்துக்கு வெடித்துப் பிளந்திருந்தது.

"இந்த கேஸ் காத்தவிட கனம்மா. மேல போவாது, தரையிலயே படுத்துக்கும். பாப்பா பாயிலதான படுத்திருந்தா? சமையல்ரூம் கதவ சாத்தி கீழ துணி வெச்சிருந்தீங்க பாருங்க, அதான் இவ்ளோ நேரம் தாங்குச்சி. அப்புறம் ஜன்னல தொறந்தது. அது இல்லன்னா..." என்று நிறுத்திக்கொண்டார்.

"துணிய நான் வெக்கல. ஜன்னலையும் நான் தொறக்கல. எதிர் ஊட்டுப் பொண்ணுதான் வந்து தட்டி..."

"எதிர் ஊட்ல ஆரு கீறா?" என்றார் மணியம்மாள்.

நான் சொன்னேன். ஊதா நைலக்ஸ் புடவை. ஈரத் தலை. வெளுத்த விரல்.

மணியம்மாள் அப்படியே நனைந்த படிக்கட்டில் உட்கார்ந்தார். முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். அவர் அழுது அடங்க வெகு நேரமானது. அப்புறம்தான் சொன்னார்.

அவள் பெயர் வினோதா. பழவேற்காடு பக்கம் மீன்பிடிக் குப்பம். புருஷன் முரளி லாரி ஓட்டுகிறவன். எங்கள் வீட்டில்தான், எங்களுக்கு முன்னால், குடியிருந்திருக்கிறாள். வந்த முதல் வாரம் கருவாடு வறுத்திருக்கிறாள். கட்டடமே அவள் மேல் பாய்ந்திருக்கிறது. ஓனர் வந்து கத்தினார். அவள் வீடு வீடாக இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டாள். அதற்கப்புறமும் அவளை யாரும் விடவில்லை.

"கடசி ஒரு மாசம் ரொம்ப மோசம் மேரி. தெனமும் மாடியில இருந்து நாத்தம் எறங்கும். வாட்ஸ்அப் குரூப்புல மூக்கப் புடிச்சிக்கிற மாதிரி பொம்மை போடுவாங்க. நானும் போட்டேன். அது பாட்டுக்கு ஃபினாயில் ஊத்திக் கழுவும். ஜன்னல் எல்லாத்தையும் சாத்திக்கும். கதவு சந்துல துணி வெச்சி அடைக்கும். படியில பாத்தா, 'வாசன வருதாக்கா?'ன்னு கேக்கும். 'ஏன், ஒனுக்கு மூக்கு இல்லியா?'ன்னு கேட்டேன் நானு."

"அப்புறம்?"

"அன்னிக்கி ரொம்ப அதிகமா அடிச்சிது. எதிர் ஊட்டு சத்யா, இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு பாத்துட்றேன்னு போனா. போய்..." மணியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "போய் பெல்ல அடிச்சா."

உள்ளே பெல் அடித்தபோது அதில் தெறித்த ஒரு பொறி போதும். நாள் பூரா சாத்திக் கிடந்த வீடு, கேஸ் நிறைந்து வெடித்துவிட்டது. சத்யா கையும் முகமும் வெந்து ஆறு மாசம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, பெரியபாளையத்தில் அம்மா வீட்டுக்கே போய்விட்டாளாம். வினோதா அந்த ராத்திரியைத் தாண்டவில்லை.

"ஸ்டவ்வ மூடாம உட்டுட்டா, கருவாட்டு நாத்தத்துல கேஸ் நாத்தம் தெரியாம போச்சின்னு எல்லாரும் சொன்னோம். வெசாரிக்க வந்தவங்களாண்டயும் அப்டித்தான் சொன்னோம். ஒன்னாண்ட சொல்ல வேணாம்னு ஓனர் சொல்லிட்டாரு. நீயும் கொயந்தையும்... பயந்துடுவீங்கன்னு..."

அவர் மேல் எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரம்தான். எங்கள் பக்கத்தில் காற்று திரும்பினால் ஒரு நாற்றம் வரும். ரப்பர் ஒரு நாள், ஆசிட் ஒரு நாள், பெயர் தெரியாத கம்பெனிப் புகை ஒரு நாள். என்ன நாற்றம் என்று நாங்கள் யாரும் கேட்பதில்லை, கேட்டால் சொல்கிறவர்களும் இல்லை. யார் வீட்டு நாற்றம் என்று மட்டும்தான் கேட்போம். அதற்குச் சீக்கிரம் பதில் கிடைத்துவிடும். என் சாப்பாட்டையும் என் தெருவையும் வைத்து என்னைக் கேட்டவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் குடியிருந்திருந்தால் நான் எந்தப் பக்கம் பேசியிருப்பேன் என்று மட்டும் தெரியவில்லை.

அந்த வீட்டை மறுவாரமே காலி செய்தோம். தானியேல் அதற்கப்புறம் எலி ஜோக் எதுவும் சொல்வதில்லை. அவரே ஒரு நாள், "அந்தப் பொண்ணு ஊட்டுக்காரன ஒரு வாட்டி பாத்துட்டு வந்துடலாம்" என்றார். கிறிஸ்துமஸ் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, ஜெபாவை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, பழவேற்காடு பஸ் ஏறினோம்.

முரளி லாரி வேலையை விட்டுவிட்டு, ஏரியில் ஒரு பெரியவரோடு படகில் மீன் பிடிக்கப் போக ஆரம்பித்திருந்தார். ஐஸ் பெட்டி கழுவிக்கொண்டிருந்தவர் எங்களைப் பார்த்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். சின்ன வயசுதான். "வா நைனா" என்று தானியேலைக் கூப்பிட்டு ஸ்டூல் போட்டார். அந்த வீட்டில் நாங்களும் குடியிருந்தோம் என்று மட்டும் சொன்னேன். மற்றதைச் சொல்லத்தான் போனேன். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

"ஒங்க ஊட்டுக்காரம்மா எல்லாராண்டயும் வாசன வருதான்னு கேப்பாங்களாமே தம்பி?" என்றேன்.

அவர் ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அவளுக்குத் தெரியாதுக்கா. கொரோனா வந்துச்சில்ல, அப்ப போன மூக்கு. திரும்பி வரவே இல்ல. மல்லிப்பூ தெரியாது, சோறு தீஞ்சா தெரியாது. வெளிய சொல்லக் கூடாதுன்னுட்டா. ஏற்கெனவே மீன்காரின்றாங்க, மூக்கு இல்லாதவன்னு வேற சொல்லுவாங்களான்னு. அதான் பாக்கறவங்களாண்ட எல்லாம் கேட்டுக்கினு இருந்தா. நான் கடசி ஒரு மாசம் ஒரிசா லைன்ல மாட்டிக்கினேன். போன்ல அழுவா. ஜன்னல சாத்தி வெச்சிக்கோ, எதுக்கு வம்புன்னு நான்தான் சொன்னேன்."

தானியேல் எழுந்து போய் அவர் தோளில் கை வைத்தார். ஏதாவது ஆறுதல் சொல்ல வேண்டுமே என்று வாயில் வந்ததைச் சொன்னேன்.

"கருவாடு ஆக்கறது ஒரு தப்பா தம்பி? நாங்களும்தான் ஆக்கறோம். அதுக்குப் போய் அந்தப் பொண்ண ஒரு மாசமா அப்டி..."

"கருவாடா?" முரளி நிமிர்ந்து பார்த்தார். "மொத வாரம் ஒரே ஒரு வாட்டி வறுத்தாக்கா. ஓனர் கத்திட்டுப் போன அன்னிக்கே மிச்சம் இருந்தத எல்லாம் பையில கட்டி என் கையில குடுத்து ஊர்ல போட்டுட்டு வரச் சொல்லிட்டா. அதுக்கப்புறம் அந்த ஊட்ல கருவாடும் இல்ல, மீனும் இல்ல. பருப்பும் ரசமும்தான் ஆக்கிக்கினு இருந்தா."

படகுத்துறையில் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

"அப்ப... ஒரு மாசமா அவங்களுக்கெல்லாம் அடிச்ச நாத்தம் இன்னாக்கா?"

கேட்டு முடிக்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது என்பதை அவர் முகத்தில் பார்த்தேன்.